கலை க்ஷீணிக்கிறதென்ற கவலை

கிரேக்க ஞானியான பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' என்னும் நூலின் மூன்றாம் பாகத்தில், ஆதென்ஸ் நகரத்துச் சங்கீதம் கெட்டுப்போன கதையை விஸ்தாரமாகச் சொல்கிறார். முன்னொரு காலத்தில் தெய்வத் துதிக்கு ஒரு பண், இழவுப் பாட்டுக்கு ஒரு பண் என்று வரையறை இருந்தது. கற்றவர்கள் கடைசி வரையில் மௌனமாகக் கேட்டுப் பிறகு தீர்ப்புச் சொன்னார்கள். பிள்ளைகளும் பாமரர்களும் பிரம்புக்கு அடங்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த கவிகளோ பண்களைக் கலந்தார்கள், யாழிலே குழலோசையைப் பாவனை செய்தார்கள், கேட்பவனுக்கு இன்பம் தந்தால் போதும் என்றார்கள். அதனால் அரங்கத்தில் கூடிய ஜனங்கள் தாங்களே நீதிபதிகள் என்று எண்ணிக் கூச்சலிடத் தொடங்கினார்கள். சிறந்தோர் ஆட்சி போய் அரங்கத்தார் ஆட்சி வந்தது. சங்கீதத்தில் தொடங்கிய அந்தச் சுதந்திரமே பின்னர் பெற்றோரையும் சட்டத்தையும் தெய்வத்தையும் மீறுகிற சுதந்திரமாக வளர்ந்தது என்பது அவர் முடிவு. 2,300 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்பும் கற்றோரின் புகாரில் இந்த மூன்று அம்சங்களும் அப்படியே இருக்கின்றன: வரையறை குலைந்தது, இன்பமே அளவுகோலாயிற்று, தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கைமாறிற்று.

இந்த வரிசையில் வந்தவர்கள் பலர். 14ஆம் நூற்றாண்டில் டூனிஸ் நகரத்து இபின் கல்தூன், பாலைவனத்தில் பிறந்த கட்டுறுதி நகரத்துச் சுகபோகத்தில் சில தலைமுறைகளுக்குள் கரைந்துபோவதே ராஜ்யங்களின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று கணக்கிட்டார். 1869இல் மாத்யூ ஆர்னால்டு, யந்திரசாலைகளும் வியாபாரமும் பெருக்கிவிட்ட புதிய வர்க்கங்களின் கையில் பண்பாடு என்ன கதியடையுமோ என்று கவலைப்பட்டார். முதல் உலக யுத்தம் முடிந்த 1918இல் ஜெர்மானியரான ஸ்பெங்ளர், நாகரிகங்களுக்கும் உயிர்களைப் போலவே பிறப்பும் மூப்பும் மரணமும் உண்டென்று எழுதினார். 1930இல் ஸ்பெயின் தேசத்து ஒர்தேகா, ஜனத்திரள் தனக்கு உரியதல்லாத ஆசனங்களில் ஏறி அமர்ந்துவிட்டது என்று வருந்தினார். ஆங்கில இலக்கியத்தை இந்த நோக்கில் ஆராய்ந்த ரேமண்ட் வில்லியம்ஸ், பழைய கிராமம் தம் பால்யத்தோடு மறைந்துவிட்டதென்று ஒவ்வொரு தலைமுறை எழுத்தாளரும் எழுதியிருக்கிறார்கள் என்றும், அந்தப் பொற்காலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போகப் போக அது எந்த நூற்றாண்டிலும் நிற்காமல் நழுவிக்கொண்டே போகிறது என்றும் 1973இல் காட்டினார். அவருடைய ஆராய்ச்சி அருமையானது. ஆயினும் ஒரு புகார் திரும்பத் திரும்ப எழுகிறது என்பதனால் மட்டும் அது பொய்யென்று ஆகிவிடாது. கலைகள் உண்மையாகவே அழிந்திருக்கின்றன. கை மறந்த தொழில்கள் உண்டு. பாட ஆளில்லாமல் ஏட்டோடு நின்றுபோன உருப்படிகள் உண்டு. ஆகையால் பொதுப்பட வாதிப்பதை விட்டு, நமக்கு நன்றாகத் தெரிந்த ஓரிடத்தையும் காலத்தையும் எடுத்துக்கொண்டு, கற்றோர் எதைக் கண்டு வருந்தினார்கள், உண்மையில் எது மாறியது, எது போயிற்று என்று பார்ப்பதே முறை. அதற்குச் சென்னைப் பட்டணத்தின் 1890 முதல் 1960 வரையுள்ள காலத்தைப் போல வேறு வாய்ப்பான சரித்திரம் கிடைப்பது அரிது. சதிர், சங்கீதக் கச்சேரி, நாடகம், நாவல், சினிமா, வானொலி ஆகிய அனைத்தும் அந்த எழுபது ஆண்டுகளுக்குள்தான் கற்றோரின் விசாரணைக்கு உட்பட்டன.

அந்தச் சரித்திரத்தைப் படித்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒன்றை இழந்துகொண்டிருக்கிறோம் என்று நம் அறிஞர்கள் உணர்ந்தது பெரும்பாலும் மெய்யான உணர்ச்சியே. இழப்பை அவர்கள் தேடிய இடந்தான் பிசகிப்போயிற்று. சபையிலே யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்த அளவுக்கு, அந்தக் கலையைக் குரலிலும் விரலிலும் காலிலும் சுமந்தவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

முதலில் தேவதாசிகள் ஆடிவந்த சதிராட்டம். 1890களின் தொடக்கத்தில் சென்னையைச் சேர்ந்த சமூக சீர்திருத்தக்காரர்கள், தாசிகளின் ஆட்டம் நடக்கிற வைபவங்களுக்கு வைஸ்ராயும் கவர்னரும் போகக்கூடாதென்று விண்ணப்பம் அனுப்பினார்கள். அவ்விருவரும் அதை ஏற்கவில்லை. ஆயினும் அன்று கிளம்பிய எதிர்ப்பு அடங்கவில்லை. ஆங்கிலக் கல்வி பெற்ற வக்கீல்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் சதிர் என்பது நம் சமூகம் இழிந்துவிட்டதற்குக் கண்கண்ட சாட்சியாகத் தோன்றிற்று. இதே பார்வை இலக்கியத்தின் மேலும் விழுந்தது. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய அரசவையை அலங்கரித்த முத்துப்பழனி என்னும் தாசி தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியத்தை, ஆந்திரத்தின் பெரும் சீர்திருத்தக்காரரான கந்துகூரி வீரேசலிங்கம் ஆபாசமென்று கண்டித்தார். அதைப் பொறுக்காத, தேவதாசி குலத்துப் பாடகியான பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் நூல் முழுவதையும் சரிபார்த்து அச்சிட்டார். 1911இல் அரசாங்கம் அதைத் தடை செய்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் டி. பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான் அந்தத் தடை நீங்கியது. ஒரு ஸ்திரீ எழுதிய காவியத்தைக் கலை நயத்துக்காக ஏற்பதா, ஒழுக்கத்துக்காகத் தள்ளுவதா என்ற வழக்கில், அந்தக் கலை மரபுக்குள் பிறந்து வளர்ந்த மற்றொரு ஸ்திரீ சொன்ன சாட்சியத்தை அன்றைய அறிஞர் உலகம் பொருட்படுத்தவில்லை.

1920களின் இறுதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் தேவதாசி ஒழிப்புக்காகப் போராடியபோது வழக்கு இன்னும் சிக்கலாயிற்று. நாகரத்தினம்மாளும் அவரைச் சேர்ந்த பெண்களும் தங்கள் குலத்தின் கல்வியையும் சொத்துரிமையையும் எடுத்துக்காட்டி மசோதாவை எதிர்த்தார்கள். அதே குலத்து வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ, அந்த ஏற்பாட்டின் கொடுமையை வெளிப்படுத்த 1936இல் ஒரு நாவலே எழுதினார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பெண் குழந்தையைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுகிற வழக்கம் ஒழிய வேண்டியதே என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது நன்மைக்கே. ஆனால் அந்தப் பெண்களின் வாழ்க்கையை மாற்றுகிற காரியத்தையும் அவர்கள் வசமிருந்த கலையைக் காப்பாற்றுகிற காரியத்தையும் ஒன்றாக இணைத்து யோசித்தவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது.

கலையைக் காக்க வந்தவர்கள் வேறு திசையிலிருந்து வந்தார்கள். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதையொட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, 1928இல் சங்கீத வித்வத் சபை தோன்றியது. அதன் காரியதரிசிகளில் ஒருவரும் வக்கீலுமான இ. கிருஷ்ணையர், தாமே பெண் வேஷம் தரித்துச் சதிர் ஆடிக் காட்டியவர். 1932இல் பொப்பிலி ராஜாவுக்கு அளிக்கப்பட்ட வரவேற்பு ஒன்றில் சதிர் நடந்ததையொட்டி எழுந்த வாதத்தில், முத்துலட்சுமி ரெட்டியோடு பத்திரிகைகள் வாயிலாக மோதியவர். வித்வத் சபை 1931இலேயே தேவதாசி குலத்துக் கல்யாணியின் புதல்விகளை மேடையேற்றியிருந்தது. சதிர் என்ற பெயரே மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் வைர விழாவில் ருக்மிணி தேவி ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் உதயமாயிற்று.

அப்போது மேடையில் ஏற்பட்ட ஒரு சிறு மாறுதலைக் கவனிக்க வேண்டும். சதிரில் நட்டுவனாரும் மத்தளக்காரரும் துத்திக்காரரும் அடங்கிய சின்னமேளம், ஆடுகிறவளுக்குப் பின்னே நின்று, அவள் முன்னே வந்தால் தாங்களும் முன்னே வந்து, அவள் பின்னடைந்தால் தாங்களும் பின்னடைந்து, தாளத்தை அவள் முதுகோடு ஒட்டியபடி கொண்டுபோகும். புதிய மேடையில் அவர்கள் ஒரு பக்கமாக அமர்த்தப்பட்டார்கள். நாட்டியக்காரி மேடை முழுவதற்கும் தனியுரிமை பெற்றாள். பின்னே திரை, விளக்கு, கோயில் தூண்களின் தோற்றம் முதலியவை சேர்ந்தன. காட்சிக்கு இது அழகு கூட்டியது. ஆயினும் பாட்டும் அபிநயமும் ஒரே மூச்சாக, ஒரு பதத்தின் ஒரே அடியைப் பத்து விதமாக விரித்துக் காட்டுகிற பழைய சாவகாசம் குறைந்தது என்று நான் நம்புகிறேன். ருக்மிணி தேவிக்குக் கற்பித்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரைப் போன்ற ஆசான்கள் புதிய ஏற்பாட்டிலும் மதிக்கப்பட்டார்கள். அந்த ஆசான்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவந்த பெண்களுக்கோ புதிய சபைகளில் இடமில்லை. பாலசரஸ்வதி என்ற மகா கலைஞரைப் போல ஒருவர் இருவர் நிலைத்தார்கள். மற்றவர்களில் சிலர் சினிமாவுக்குப் போனார்கள், பலர் சலங்கையைக் கழற்றிவிட்டுத் தங்கள் வித்தையைப் பற்றிப் பேசவும் கூசி வாழ்ந்தார்கள். அண்மையில் ஆராய்ச்சியாளர் டவேஷ் சோனேஜி அத்தகைய பெண்களைத் தேடிச் சென்று அவர்கள் நினைவில் நின்ற ஜாவளிகளையும் பதங்களையும் பதிவு செய்து எழுதியிருப்பதைப் படிக்கையில், கலை புத்துயிர் பெற்றதென்று கொண்டாடப்பட்ட அதே ஆண்டுகளில் எவ்வளவு பெரிய செல்வம் வீடுகளுக்குள் அடைபட்டுப்போயிற்று என்பது நெஞ்சை உறுத்துகிறது.

நாடகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியும் அதைப் போன்ற குழுக்களும் ஊர் ஊராகப் போய் ஆடியதைக் கூத்தாடித் தொழில் என்று இகழ்ந்தவர்களே, பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் ஸ்தாபித்த சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் போட்டபோது நாடகக் கலை உயர்ந்துவிட்டதென்று பூரித்தார்கள். முதலியாரின் தொண்டு பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் உயர்ந்தது நடிப்பா, நடிகர்களின் அந்தஸ்தா என்ற கேள்வியை அன்று எவரும் கேட்கவில்லை.

சதிரில் கற்றோரின் கவலை ஆடியவர்களைப் பற்றியது. சினிமாவில் அது பார்த்தவர்களைப் பற்றியதாயிற்று. திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படச்சுருள்களையும் கருவியையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டத் தொடங்கினார். 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' சென்னையில் வெளியாகிப் படம் பேசவும் பாடவும் ஆரம்பித்த பிறகு, டூரிங் டாக்கீஸ் என்னும் கூடாரக் கொட்டகை தமிழ்நாட்டின் ஒவ்வொரு சந்தையூருக்கும் வந்தது. அந்தக் கொட்டகையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் கற்றோரின் மனக்கலக்கம் விளங்கும். பொழுது சாய்ந்ததும் கம்பத்தின் உச்சியிலுள்ள குழாயிலிருந்து பக்திப் பாட்டு கிளம்பும். அது கேட்டதும் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று ஊரே அறியும். உள்ளே முன்பக்கம் தரை, அதற்குப் பின்னே பெஞ்சு, கடைசியில் நாற்காலி. தரையில் ஆற்று மணல் பரப்பியிருக்கும். குள்ளமானவன் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவான். பின்னாலிருப்பவன் சண்டைக்கு வருவான். ஒரே ஒரு படக்கருவிதான் ஆகையால், சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டு இடைவேளை விடுவார்கள். முறுக்குக்காரனும் சோடாக்காரனும் உள்ளே வருவார்கள். காலணா அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவன் அதை உரக்க வாசிக்க, சுற்றியிருக்கிற நாலு பேர் மெட்டோடு திருப்பிச் சொல்வார்கள்.

இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் வந்து அமர்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே ஆசனத்தை நிர்ணயித்தது பிறப்பன்று, கையிலிருந்த காசு என்றும் சுட்டினார். கோயில் மண்டபத்திலும் ஜமீன் சபையிலும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இங்கே திரைக்கு மிக அருகில் உட்கார்ந்தார்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன், தமிழ்ப் பண்பாட்டு மேட்டுக்குடியினர் சினிமாவை எதிர்கொண்ட விதத்தை ஆராய்ந்து, அவர்களுடைய அருவருப்புக்கு இந்தக் கூட்டுக் கலப்பே பெருங்காரணம் என்றும், ஒதுக்க முடியாதென்று கண்ட பின் அதை 'உயர்த்த' முற்பட்டார்கள் என்றும் விளக்கியிருக்கிறார். எனக்கும் இந்த விளக்கம் பெரிதும் சரியென்றே படுகிறது. ஆனால் எதிர்ப்பு ஒரே முகாமிலிருந்து வந்ததல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராஜாஜிக்குச் சினிமா பிடிக்காது. அவருடைய கொள்கைகளுக்கு நேர் எதிரான பெரியாருக்கும் பிடிக்காது. காங்கிரஸில் சத்தியமூர்த்தி மட்டும், நாடக மேடையில் தாமே நடித்துப் பழகியவராகையால், இந்தக் கலையின் வலிமையைக் கண்டு தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபைக்குத் தலைமை தாங்கினார். சக காங்கிரஸ்காரர்கள் பலருக்கு அது வியப்பாகவே இருந்தது.

'உயர்த்துகிற' முயற்சியின் வரலாறு சுவையானது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில் நந்தனாராக நடித்த படத்தைக் கல்கி ஆனந்த விகடனில் கடுமையாக விமரிசித்தார். 1939இல் அதே கல்கியின் 'தியாகபூமி' விகடனில் தொடர்கதையாக வந்துகொண்டிருக்கும்போதே கே. சுப்பிரமணியம் அதைப் படமெடுத்தார், படக் காட்சிகளே கதைக்குச் சித்திரங்களாக அச்சாயின. 1938இல் முசிரி சுப்பிரமணிய ஐயர் துக்காராமாகவும், எம்.எஸ். சுப்புலட்சுமி 'சேவாசதன'த்தின் நாயகியாகவும் திரையில் தோன்றினார்கள். 1944இல் வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்துக்குப் பாட்டு எழுதியவர் பாபநாசம் சிவன். அதில் தியாகராஜ பாகவதர் சாருகேசியில் பாடிய பாட்டு மூலைமுடுக்கெல்லாம் ஒலித்த பிறகுதான், கச்சேரி மேடையில் அவ்வளவாகப் புழங்காதிருந்த அந்த ராகத்துக்கு யோகம் பிறந்தது என்பது சங்கீத உலகில் பலரும் சொல்வது. சபை மேடையில் கேட்டால் உயர்ந்ததென்றும், கொட்டகை மணலில் கேட்டால் மட்டமென்றும் ஒரே சாருகேசியைப் பற்றிச் சொல்வது எப்படி? தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவன், பெயர் தெரியாமலே ஒரு ராகத்தின் ஜீவனைப் பிடித்துக்கொண்டான். பிளேட்டோ அஞ்சிய அரங்கத்தார் ஆட்சியில் இப்படி ஒரு சம்பவமும் நடந்தது என்பதை நாம் மறக்கலாகாது. இதைச் சொல்வதனால் சினிமாவில் வந்தது அனைத்தும் நயமானவை என்று வாதிப்பதாகக் கொள்ளவேண்டாம். கொச்சையும் மலிவும் அங்கே ஏராளமாக இருந்தன, இருக்கின்றன. 1952இல் 'பராசக்தி' வந்து, கோயிலையும் குருக்களையும் கேள்வி கேட்டபோது அதைத் தடை செய்ய வேண்டுமென்று எழுந்த கூக்குரலைப் பார்த்தால்தான், கலையின் தரத்தைப் பற்றிய பேச்சும் அதிகாரத்தைப் பற்றிய பேச்சும் எவ்வளவு எளிதில் ஒன்றுக்கொன்று முகமூடியாகிவிடுகின்றன என்பது தெரிகிறது.

சங்கீதத்திலே 1941இல் இன்னொரு விசித்திரமான நிலைமை ஏற்பட்டது. அண்ணாமலை அரசர் தூண்டுதலில் சிதம்பரத்தில் கூடிய மகாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதன்மை வேண்டுமென்று தீர்மானித்தது. தமிழ்ப் பண்கள் மறைந்து, பாட்டின் பொருள் கேட்பவருக்கு விளங்காமற்போனதே க்ஷீணம் என்று தமிழிசைக் கட்சியார் சொன்னார்கள். மும்மூர்த்திகளின் கிருதிகளை மொழியின் பெயரால் பின்னுக்குத் தள்ளுவதே க்ஷீணம் என்று வித்வத் சபையைச் சேர்ந்தவர்கள் சொன்னார்கள். கல்கியும் டி.கே.சி.யும் ராஜாஜியும் தமிழிசைப் பக்கம் நின்றார்கள். 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. இரு கட்சியும் ஒரே கச்சேரியைக் கேட்டு எதிரெதிரான வீழ்ச்சிகளைக் கண்டன. 1917இலேயே ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரு நூலில் எழுப்பிய கேள்விகளை வித்வான்கள் பொறுமையாக எடுத்து ஆராய்ந்திருந்தால், இந்த வாதம் இவ்வளவு கசப்பாக முடிந்திருக்காது என்பது என் எண்ணம். துக்கடா என்ற பெயரில் கச்சேரியின் கடைசி அரை மணிக்கு ஒதுக்கப்பட்டிருந்த தமிழ்ப் பாடல்கள் நடுக் கச்சேரிக்கு வந்தது இந்த இயக்கத்தின் நிலையான லாபம்.

வானொலியில் கற்றோரின் தீர்ப்புக்கு அரசாங்கத்தின் ஆக்ஞையும் துணை சேர்ந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கியது. அந்தப் பெட்டியின் சுரங்கள் சமமாகக் கூறுபடுத்தப்பட்டு அசையாமல் நிற்பவை, நம் கமகங்களும் நுண்சுருதிகளும் அதில் பேசா என்ற ஆட்சேபணை சாஸ்திர ரீதியில் முற்றும் சரி. ஆனால் கிட்டப்பாவின் பாட்டு முதலாகத் தமிழ் நாடக மேடை முழுவதையும் அரை நூற்றாண்டு தாங்கி நின்றது அந்தப் பெட்டிதான். அதை வாசித்தவர்களுக்கு நிலையத்தின் கதவு முப்பது ஆண்டு மூடியிருந்தது. 1952இல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை ஏறக்குறைய அடியோடு நிறுத்தி, சாஸ்திரீய சங்கீதத்துக்கு நேரத்தைப் பெருக்கினார். ஜனங்களோ தங்கள் ரேடியோப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். பாக் நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த தமிழ் அறிவிப்பாளரின் குரல் ராமநாதபுரத்து டீக்கடையில் வீட்டுப் பிள்ளையின் குரலைப்போல உரிமை பெற்றது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கியபோது சினிமாப் பாட்டு முன்வாசல் வழியாகவே திரும்பி வந்தது. கேஸ்கரைக் கொள்கைப் பிடிவாதக்காரர் என்று மட்டும் தள்ளிவிடக்கூடாது. அவர் காலத்தில் வானொலி கொடுத்த சம்பளமும் கச்சேரி வாய்ப்பும் ஜமீன்களின் ஆதரவை இழந்து தத்தளித்த எத்தனையோ வித்வான்களின் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அவருடைய காரியங்களில் நிலைத்து நின்றது கலைஞனுக்குக் கொடுத்த இந்தச் சம்பளமே. ரசிகனுக்கு விதித்த தடை ஐந்து ஆண்டுக்குள் உடைந்தது.

நாவலும் சிறுகதையும் இதே விசாரணைக்கு உட்பட்டவைதாம். வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி'யை நடத்தி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியபோது, வீட்டுப் பெண்கள் கதைப் புத்தகத்தில் மூழ்கிக் கெட்டுப்போகிறார்கள் என்றார்கள். 1933இல் 'மணிக்கொடி' பத்திரிகை வந்தபோது பண்டிதர்கள் அதன் நடையைப் பழித்தார்கள். அந்த மணிக்கொடிக்காரர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பிற்பாடு வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பழித்தார்கள். இவர்கள் கவலையில் ஒரு நேர்மை இருந்தது: சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கித் தம் கைப்பொருளை இழந்து நடத்தினாரே தவிர, ஒருவர் வாயையும் அடைக்க முயலவில்லை.

இவ்வளவு பேரிலும் என் மனம் அதிகமாக மதிக்கிற ஒருவர் இன்னும் இருக்கிறார். கொழும்பில் 1877இல் சர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வராகப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராக மலைநாடெங்கும் சுற்றியபோது, கண்டியரசு வீழ்ந்து சுமார் தொண்ணூறு ஆண்டுகளில் அங்கிருந்த கைவினைகள் எப்படிச் சிதைந்தன என்று கண்டார். அவரும் வீழ்ச்சியைப் பற்றியே எழுதினார். கிராமபோனையும் ஹார்மோனியத்தையும் வெறுத்தார். அவருடைய பழமைப் பற்று சில இடங்களில், அந்தப் பழமைக்குள் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களைக் காணாத அளவுக்கு மிகுந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனால் 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் நூலில், கொல்லனுக்கும் தச்சனுக்கும் சித்திரக்காரனுக்கும் பாய் முடைபவளுக்கும் எந்த நிலம் மானியமாக விடப்பட்டிருந்தது, அதற்குப் பதிலாக அவர்கள் என்ன ஊழியம் செய்தார்கள், எந்தச் சாயத்தை எதிலிருந்து எடுத்தார்கள், எந்தக் கருவியை எப்படிப் பிடித்தார்கள் என்றெல்லாம் அருகிருந்து பார்த்து எழுதினார். அந்த நூலையும், வில்லியம் மாரிஸ் உபயோகித்த கைஅச்சு யந்திரத்திலேயே, தம் மேற்பார்வையில் அச்சிட்டார். கலைஞனுடைய நிலமும் ஊழியமும் கூலியும் குலைந்தபோது கலை குலைந்தது என்று காரணத்தோடு காட்டியவர் அவர். ஜனங்களின் ரசனை தாழ்ந்ததென்று வெறுமனே நொந்துகொண்டவர் அல்லர்.

அவருடைய இந்த முறையைத் தமிழ்நாட்டில் பிரயோகித்துப் பார்த்தால், நம் அறிஞர் உலகம் எதைக் காணாமல் விட்டது என்பது தெளிவாகிறது. சினிமாவையும் சதிரையும் பற்றி இத்தனை வாதங்கள் நடந்த அதே காலத்தில், பெரியமேளம் எனப்படும் நாகஸ்வரக் கலையின் அஸ்திவாரம் தளர்ந்துகொண்டிருந்தது. காவேரிக் கரைக் கோயில்களில் அதிகாலையில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி, சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி என்று பொழுதுக்கும் சடங்குக்கும் ஏற்ற வாசிப்பு இருந்தது. உற்சவ இரவுகளில் தேர்வீதியின் மூலையில் சுவாமியை நிறுத்திவிட்டு, ஒரே ராகத்தை மணிக்கணக்காக ஆலாபனை செய்வார்கள். உழுதுவிட்டு வந்தவனும் மிராசுதாரும் தெருவில் நின்றே கேட்டார்கள். தெரு எல்லோருக்கும் ஒன்றாகத் திறந்திருந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. தேர்வீதிக்குள் நுழையவே அனுமதியில்லாதவர்கள் தூரத்தில் நின்று கேட்டார்கள். ஆயினும் டிக்கெட் இல்லாத இத்தனை பெரிய சங்கீத சபை தமிழ்நாட்டில் வேறெதுவும் இருந்ததில்லை. ஜமீன் ஒழிப்பும் குத்தகைச் சட்டங்களும் இனாம் ஒழிப்பும் வந்து கோயில் வருமானம் சுருங்கியது. அந்தச் சட்டங்கள் நியாயமானவை, உழுதவனுக்கு அவசியமானவை. ஆனால் கோயில் நிலத்தின் நெல்லை நம்பியிருந்த மேளக்காரனுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்பதை, சட்டம் செய்தவர்களும் யோசிக்கவில்லை, கலை வீழ்ச்சிக்காகக் கண்ணீர் வடித்தவர்களும் யோசிக்கவில்லை.

1956இல் மறைந்த திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்காக இருபது மைல் வண்டி கட்டிப் போனவர்கள் உண்டு. வாய்ப்பாட்டு வித்வான்களுக்குச் சமமாக மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்று சாதித்தவர் அவர். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, பழைய வீடுகளின் உத்திரத்திலிருந்து எடுத்த ஆச்சா மரத்தில் கடைந்த பாரி நாகஸ்வரம், திமிரி என்னும் பழைய நாகஸ்வரத்தைவிடத் தாழ்ந்த சுருதியில் சுத்த மத்தியமத்தைப் பிசகின்றிப் பேசுவதற்காக உருவான கருவி. அந்த ஆசாரியின் பட்டறையில் நடந்த ஆராய்ச்சி, பட்டணத்துச் சங்கீத மகாநாடுகளில் வாசிக்கப்பட்ட எந்தக் கட்டுரைக்கும் குறைந்ததன்று. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னையின் மார்கழி விழாக்களிலோ, நாகஸ்வரம் பெரும்பாலும் துவக்க நாளின் மங்கள வாத்தியமாகவே வாசிக்கப்படுகிறது. பிரமுகர்கள் வந்து முன்வரிசையில் அமர்வதற்குள் அது முடிந்துவிடுகிறது. மாலை நேரத்துப் பிரதான கச்சேரியாக, இரண்டரை மணி நேரம் ஒரு நாகஸ்வர வித்வானை உட்கார வைத்துக் கேட்கிற சபைகளை எளிதில் எண்ணிவிடலாம்.